உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரைப் புண்ணுக்குப் பச்சிளங்குழந்தையின் தோல்!

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண்மேல் அமெரிக்காவில் வைக்கப்படும் ஓர் உயிருள்ள தோல், ஆண் குழந்தைகளுக்குச் சுன்னத்தின்போது அகற்றப்படும் முன்தோலின் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படுகிறது. பெயர் அப்லிகிராஃப். சர்க்கரைப் புண்ணுக்கு அங்கே 2000-இல் அனுமதி கிடைத்தது.

• வைத்த தோல் நிலைப்பதில்லை. அந்தச் செல்கள் சில வாரங்களில் மறைந்துவிடும். அதற்குள் அவை சுரக்கும் புரதங்கள் நோயாளியின் சொந்தச் செல்களைத் தட்டி எழுப்பிவிடுகின்றன என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

• சொந்தச் செல்களைச் சோம்பேறிகள் என்று திட்டவும் முடியாது. ஆறாத புண்ணின் விளிம்பில் மேல்தோல் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. நகர்ந்து புண்ணை மூடத்தான் மாட்டேன் என்கின்றன. கல்யாணப் பந்தி வாசலில் நெரியும் கூட்டம் மாதிரி! விளிம்பு தடித்துப்போகிறது. மருத்துவர் அதைச் செதுக்கி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

• எம்.எம்.பி-9 என்ற நொதி, சாதாரணக் காயத்தில் சேதமான திசுவைக் கரைத்து வழிவிட்டு அடங்கிவிடும். சர்க்கரைப் புண்ணில் அடங்குவதில்லை. புதுத் திசுவையும், செல்களை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளையும் சேர்த்தே அரிக்கிறது.

• சர்க்கரைப் புண்ணுக்கு 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்ளெர்மின் ஜெல்லில் இருப்பது, ரத்தத் தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணி. தயாரிப்பதோ மனித மரபணு புகுத்தப்பட்ட ஈஸ்ட். பேக்கரியில் மாவைப் பொங்க வைக்கும் அதே இனம்தான்.