எடப்பாடியில் மாம்பழம் எந்தப் பக்கம்?

எடப்பாடி பழனிசாமியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2017 பிப்ரவரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். கூவத்தூர் விடுதி, சசிகலாவுக்கு எதிரான தீர்ப்பு, பிப்ரவரி 16 பதவியேற்பு, 18-ஆம் தேதி சட்டமன்றத்தில் 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கு. படிக்க விறுவிறுப்பாத்தான் இருக்கும். ஆனால் அந்த மனிதரின் அரசியலைப் புரிந்துகொள்ள அது உதவாது என்பது என் எண்ணம். அதற்கு அவருடைய தேர்தல் கணக்கை 1989-இல் இருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும். பார்த்தால், அவர் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் திமுகவை வைத்து நடக்கவில்லை, பாட்டாளி மக்கள் கட்சியை வைத்து நடந்திருக்கிறது என்று தெரியும்.

ஊருக்கும் ஆளுக்கும் ஒரே பெயர் வந்து குழப்பும். அதனால் இந்தப் பதிவில் எடப்பாடி என்றால் தொகுதி, பழனிசாமி என்றால் ஆள்.

2021 வரை அவர் நின்ற தேர்தல்கள் 10. சட்டமன்றத்துக்கு 7, மக்களவைக்கு 3. ஜெயித்தது 6, தோற்றது 4.

முதலில் தொகுதி. சேலம் மாவட்டத்தின் மேற்கு ஓரம். ஒரு பக்கம் பூலாம்பட்டியில் காவிரி, நடுவில் சரபங்கா நதி, கொங்கணாபுரத்தில் பருத்தி ஏலம், எடப்பாடி ஊருக்குள் தறிச் சத்தம். சாதிக் கணக்கில் வன்னியர்களும் கொங்கு வேளாளக் கவுண்டர்களும் பெரிய சமூகங்கள், அதில் வன்னியர்கள் அதிகம். பழனிசாமி கவுண்டர். நெடுங்குளம் பக்கத்தில் சிலுவம்பாளையம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பம், வெல்ல வியாபாரம் பார்த்தவர், 1974-இல் அதிமுக கிளைச் செயலாளர். தன் சமூகத்தை மட்டும் நம்பி ஜெயிக்க முடியாத தொகுதியில் நிற்கும் ஆள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

இன்னொன்று. 1977 முதல் 2021 வரை திமுக இந்தத் தொகுதியில் ஒருமுறை கூட ஜெயிக்கவில்லை. 1977-லும் 1980-லும் அதிமுகவின் ஐ. கணேசன், 1984-இல் காங்கிரஸ். இந்த கணேசன் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

1989 ஜனவரி. எம்.ஜி.ஆர். இறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. கட்சி இரண்டாக உடைந்து, ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். காங்கிரஸ் தனியாக நிற்க, வாக்குகள் நான்காகப் பிரிந்த தேர்தல். பழனிசாமி சேவலில் நின்றார். எதிரே திமுகவில் நின்றவர் பெயரும் பழனிசாமி, எல். பழனிசாமி! சேவல் பழனிசாமிக்கு 30,765, உதயசூரியன் பழனிசாமிக்கு 29,401. வித்தியாசம் 1,364. மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்துக்கொண்டு கிடைத்த வெற்றி. ஜெயலலிதா அணிக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்தது 27 இடம்தான். அந்த 27 பேரில் ஒருவர் என்பது பின்னாளில் கட்சிக்குள் அவருக்குப் பெரிய சொத்து. சோதனைக் காலத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அம்மா மறக்கமாட்டார் என்று அதிமுககாரர்கள் சொல்வது வழக்கம்.

அந்தத் தேர்தல் முடிந்த சில மாதங்களில், 1989 ஜூலையில், மருத்துவர் ராமதாஸ் பாமகவைத் தொடங்கினார். 1980-இல் ஆரம்பித்த வன்னியர் சங்கம், 1987 செப்டம்பரில் ஒரு வாரம் நடந்த சாலை மறியல், துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்கள், அதன் பிறகு கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாகக் கொடுத்த 20 சதவீதம், இவையெல்லாம் சேர்ந்த பின்னணி அது. பாமக தொடங்கியதிலிருந்து எடப்பாடியில் ஆட்டம் வேறு.

1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு வந்த அலை. அதிமுக-காங்கிரஸ் கூட்டணி 225 இடங்களை அள்ளிய தேர்தல். பழனிசாமிக்கு 72,379 வாக்கு, 41,266 வித்தியாசம். இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, அந்த வருஷம் இரட்டை இலையில் யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். கவனிக்க வேண்டியது இரண்டாம் இடம். அங்கே திமுக இல்லை. கட்சி தொடங்கி இரண்டே வருஷமான பாமக 31,113 வாக்குகளோடு உட்கார்ந்திருந்தது.

1996-இல் அலை எதிர்ப்பக்கம் அடித்தது, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்ற தேர்தல். தமிழ்நாடு முழுக்க திமுக-தமாகா கூட்டணி வாரிச் சுருட்டியது, ஆனால் எடப்பாடியில் ஜெயித்தது பாமக. அந்த வருஷம் பாமகவுக்குக் கிடைத்த 4 இடங்களில் ஒன்று எடப்பாடி. ஜெயித்தவர் அதே ஐ. கணேசன், இப்போது பாமகவில்.

இனி கொஞ்சம் மெதுவாகப் போவோம். பழனிசாமியின் வாழ்க்கையில் யாரும் பேசாத காலம் இதுதான். 1996-இல் சட்டமன்றத்தை விட்டு வெளியே போனவர், திரும்ப உள்ளே வந்தது 2011-இல். 15 வருஷம்!

1998 மக்களவைத் தேர்தலில் அதிமுக, பாஜக, பாமக, மதிமுக எல்லாம் ஒரே அணி. பழனிசாமி திருச்செங்கோட்டில் நின்று திமுகவின் கே.பி. ராமலிங்கத்தைத் தோற்கடித்தார். அன்றைய திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, கபிலர்மலை, மொடக்குறிச்சி, ஈரோடு ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடக்கம். (2008 மறுவரையறையில் அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது.) எம்.பி. பதவி ஒரு வருஷத்துக்கு மேல் கொஞ்சம்தான் ஓடியது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது, கவிழ்த்த கட்சி அதிமுக. அந்த 18 எம்.பி.க்களில் பழனிசாமியும் ஒருவர்.

அடுத்த ஆறு மாசத்துக்குள் தேர்தல். பாமகவும் மதிமுகவும் இப்போது திமுக-பாஜக அணியில். அதே திருச்செங்கோட்டில் மதிமுகவின் மு. கண்ணப்பனிடம் தோல்வி.

2001-இல் பாமக திரும்ப அதிமுக பக்கம் வந்தது. அப்படியென்றால் பழனிசாமிக்கு நல்ல காலம் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர் எதிர். பாமக வந்தது, கூடவே எடப்பாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அங்கே இருக்கும் எம்.எல்.ஏ. அவர்கள் ஆள் ஆச்சே! ஐ. கணேசன் அதிமுக கூட்டணி வேட்பாளராக நின்று மீண்டும் ஜெயித்தார். ஜெயலலிதா ஆட்சியைப் பிடித்தார், ஆனால் அவரோடு 1989 முதல் நின்ற பழனிசாமிக்கு நிற்கவே தொகுதி இல்லை. பாமக எதிரணியில் இருந்தால் தோல்வி, சொந்த அணியில் இருந்தால் சீட்டே இல்லை.

2004-இல் பாமக திமுக-காங்கிரஸ் அணிக்குப் போனது. பழனிசாமி மீண்டும் திருச்செங்கோட்டில் நின்று சுப்புலட்சுமி ஜெகதீசனிடம் தோற்றார். (1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கோபத்தில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டையே புத்தகமாக அடிக்க வேண்டி வந்ததே, அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் இவர்தான்.) 2006-இல் பழனிசாமி மறுபடி எடப்பாடியில். திமுக அணியில் பாமகவின் வி. காவேரிக்கு 76,027, பழனிசாமிக்கு 69,680. 6,347 வாக்கில் தோல்வி. 1999, 2004, 2006 என்று தொடர்ச்சியாக மூன்று. வேறு கட்சியாக இருந்தால் அந்த ஆளுக்கு நான்காவது முறை சீட்டு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஜெயலலிதா கொடுத்தார். மாவட்டத்தில் கட்சியைக் கையில் வைத்திருந்தவர் என்பதும், 1989-ம் சேர்ந்து அவரைக் காப்பாற்றின என்று நினைக்கிறேன்.

2011-இல் பாமக திமுகவோடுதான் இருந்தது, ஆனாலும் பழனிசாமி 1,04,586 வாக்கு வாங்கி 34,738 வித்தியாசத்தில் ஜெயித்தார். என் கணக்கு இங்கே உதைக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வருஷம் திமுக ஆட்சி மீதான கோபம், தேமுதிக அதிமுக பக்கம் இருந்தது, மறுவரையறையில் தொகுதி எல்லையே மாறியிருந்தது என்று பல காரணங்கள். 30 இடத்தில் நின்ற பாமகவுக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்தது 3. பெரிய அலை அடிக்கும்போது சாதிக் கணக்கு அடித்துக்கொண்டு போய்விடும், 1991 மாதிரி. அலை இல்லாத வருஷத்தில்தான் அது வெளியே தெரியும்.

அப்படி ஒரு வருஷம் 2016. நெடுஞ்சாலைத் துறை அமைச்சராக ஐந்து வருஷம் இருந்துவிட்டு பழனிசாமி நிற்கிறார். பாமக தனியாக, அன்புமணியை முதல்வர் வேட்பாளராக அறிவித்து நிற்கிறது. எடப்பாடி முடிவு இது: பழனிசாமி 98,703, பாமக 56,681, திமுக 55,149.

மாநிலம் முழுக்க ஒரு இடம் கூட ஜெயிக்காத பாமக, அமைச்சரின் தொகுதியில் திமுகவை முந்தி இரண்டாமிடம். 42,022 வித்தியாசம் என்பதால் சுலபமான வெற்றி மாதிரி தெரியும். கூட்டிப் பாருங்க. பாமகவும் திமுகவும் சேர்ந்தால் 1,11,830, அதாவது பழனிசாமியை விட 13,127 அதிகம். ஒரு கட்சியின் வாக்கு அப்படியே இன்னொரு கட்சிக்குப் போய்விடாது என்பது உண்மைதான். ஆனால் 2006-இல் அந்தக் கூட்டல் ஏற்கெனவே ஒருமுறை அவரைத் தோற்கடித்திருக்கிறது. அதை அனுபவித்தவர் மறக்கமாட்டார்.

இந்த அனுபவத்தோடுதான் அவர் 2017-இல் முதலமைச்சர் ஆனார். முதல் இரண்டு வருஷம் ஆட்சி தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்களைத் தகுதிநீக்கம் செய்த சபாநாயகர் ப. தனபால், ஒரு காலத்தில் பக்கத்துத் தொகுதியான சங்ககிரியின் எம்.எல்.ஏ. 2019-இல் 22 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வந்தது. அதற்கு முன்பே பழனிசாமி பாமகவை அழைத்து 7 மக்களவைத் தொகுதியும் ஒரு மாநிலங்களவை இடமும் கொடுத்திருந்தார். ரொம்ப அதிகம் என்று அப்போது பலர் கிண்டல் செய்தார்கள். பாமக ஏழிலும் தோற்றது. சேலத்தில் அதிமுகவே ஏறத்தாழ 1.46 லட்சம் வாக்கில் தோற்றது. ஆனால் அதே நாள் எண்ணிய இடைத்தேர்தல் வாக்குகளில் அதிமுகவுக்கு 9 இடம், அதில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், சோளிங்கர் மூன்றும் பாமகவுக்குச் செல்வாக்குள்ள வட தமிழ்நாட்டுப் பகுதி. ஆட்சி நிலைத்தது. கொடுத்த விலைக்குச் சரக்கு வந்துவிட்டது என்றுதான் வெல்ல வியாபாரி நினைத்திருப்பார்.

2021 பிப்ரவரி 26. அன்றுதான் தேர்தல் தேதி அறிவிப்பும். அதே நாளில் சட்டமன்றத்தில், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதத்தை மூன்றாகப் பிரித்து, வன்னியர்களுக்கு 10.5, சீர்மரபினர் உள்ளிட்ட பிரிவுக்கு 7, மற்றவர்களுக்கு 2.5 என்று மசோதா நிறைவேறியது. பாமக கேட்டது கிடைத்தது, கூட்டணியும் உறுதியானது. மேட்டூர் உபரி நீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டமும் சரபங்கா வடிநிலத்து விவசாயிகள் மத்தியில் பேசப்பட்ட நேரம் அது.

எடப்பாடி முடிவு: பழனிசாமி 1,63,154, திமுகவின் சம்பத்குமார் 69,352. வித்தியாசம் 93,802. இப்போது 2016-இன் இரண்டு எண்களைத் திரும்ப எடுங்க. பழனிசாமி வாங்கியதையும் பாமக வாங்கியதையும் கூட்டினால் 1,55,384. 2021-இல் கிடைத்தது அதை விட 7,770 அதிகம், அவ்வளவுதான். முதல்வர் வேட்பாளர் என்ற பெருமை, நீர்த் திட்டம், பிரச்சாரம் எல்லாவற்றையும் விட, மாம்பழம் இந்தப் பக்கம் வந்ததுதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. 1989-க்குப் பிறகு அவர் ஜெயித்த சட்டமன்றத் தேர்தல்களில் திமுக இரண்டாமிடம் வந்ததும் இதுதான் முதல் தடவை. மற்ற எல்லாவற்றிலும் பாமக.

சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்கு. அதில் மேட்டூரும் சேலம் மேற்கும் பாமகவின் கணக்கு. திமுகவுக்கு சேலம் வடக்கு மட்டும். பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் கொங்கு வேளாளர் பலம் அதிகம், தங்கமணி மாதிரி பெரிய அமைச்சரும் இருந்தார். அங்கே 6-இல் குமாரபாளையமும் பரமத்தி வேலூரும் மட்டும்தான் தேறின. "கொங்கு மண்டலம் எடப்பாடியார் கோட்டை" என்று டிவி விவாதங்களில் மொத்தமாகச் சொல்லும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

10.5 சதவீதத்துக்கு வேறு ஒரு விலையும் இருந்தது. தென் மாவட்டங்களில் சீர்மரபினர் மத்தியில் கடும் எதிர்ப்பு. ஆட்சி போனது, அதிமுகவுக்கு 66 இடம். 2021 நவம்பர் 1-இல் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போதுமான தரவு இல்லாமல் சாதியை மட்டும் அடிப்படையாக வைத்துப் பிரிக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இட ஒதுக்கீட்டை நம்பி வாக்குப் போட்ட எடப்பாடி வன்னியர் வீட்டுப் பையனுக்குக் கடைசியில் அது கிடைக்கவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் பாமக பாஜகவோடு போனது. எடப்பாடி இப்போது சேலம் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அங்கே அதிமுக வேட்பாளர் திமுகவின் டி.எம். செல்வகணபதியிடம் 70,357 வாக்கில் தோற்றார். மூன்றாமிடம் வந்த பாமக வாங்கியது 1 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேல்.