வாசலில் ஒரு புல்வெளி... அதற்குப் பின்னால் எத்தனை பாடு தெரியுமா?

அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு புல்வெளி! கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி! ஆனால் அந்தப் பச்சையைக் காப்பாற்ற வீட்டுக்காரர் படுகிற பாடு தெரியுமா? கேட்டால் மலைத்துப்போவீர்கள்!

தமிழ்நாட்டைவிடப் பெரிது!
அமெரிக்காவின் வீட்டுப் புல்தரை, பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாவற்றையும் சேர்த்தால் எவ்வளவு பரப்பு வரும்? நாசா ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட கணக்கு: ஏறக்குறைய 1,63,800 சதுர கிலோமீட்டர்! நம் தமிழ்நாடே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! அங்கே தண்ணீர் பாய்ச்சி விளைவிக்கிற மக்காச்சோளத்தைப்போல இது மூன்று மடங்கு. ஆனால், யார் பசியையும் ஆற்றாத பயிர்!

குடிக்கிறது, குடிக்கிறது, குடித்துக்கொண்டே இருக்கிறது!
கோடையில் புல்லுக்கு வாரம் ஓர் அங்குலம் தண்ணீர் வேண்டும் என்பார்கள். ஓர் அங்குலம்தானே என்கிறீர்களா? ஆயிரம் சதுர அடிப் புல்தரைக்கு அது எவ்வளவு தெரியுமா? சுமார் 2,360 லிட்டர்! மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டைக் காலி செய்தாலும் போதாது! அமெரிக்க வீடுகள் தோட்டத்துக்கும் புல்லுக்கும் ஊற்றுகிற தண்ணீர் நாள் ஒன்றுக்குச் சுமார் 3,400 கோடி லிட்டர்! ஒரே நாளில்!

வெட்ட வெட்ட ஏன் வளர்கிறது?
செடிகளுக்கு நுனியில் வளர்ச்சி. நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளை அதோடு நின்றுவிடும். புல்லுக்கோ வளரும் இடம் அடியில், மண்ணை ஒட்டி ஒளிந்திருக்கிறது! ஆடு மேய்ந்தாலும் சரி, இயந்திரம் வெட்டினாலும் சரி, அந்த இடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. சனிக்கிழமை வெட்டினால் அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தயார்!

சரி, ஒரேயடியாக ஒட்ட வெட்டிவிடலாமா? கூடாது! ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் புல் நொந்துபோகும். சோம்பிப்போய் இரண்டு வாரம் விட்டீர்களோ, தொல்லை இரட்டிப்பு!

அந்த வாசனை... ஓர் அலறல்!
புல் வெட்டியதும் ஒரு பச்சை வாசனை வருமே, மூக்குக்கு எவ்வளவு இதம்! அது என்ன தெரியுமா? காயம்பட்ட புல் விடுகிற வேதிப்பொருள்கள்! புழு கடித்த செடிகள் இதே வகை வாசனையை விட்டு, அந்தப் புழுக்களை வேட்டையாடும் குளவிகளை வரவழைப்பதும் உண்டு! நாம் ரசித்து முகர்வது ஓர் அபாய மணி!

மண்ணுக்குள்ளே 620 கிலோமீட்டர்!
புல்லைப் பிடுங்கினால் கை ஏன் வலிக்கிறது? 1937-இல் ஒரு விஞ்ஞானி 'ரை' என்ற தானியச் செடி ஒன்றை நான்கு மாதம் வளர்த்து, வேரை அளந்தார். புல் குடும்பத்துச் செடிதான். ஒற்றைச் செடியின் வேர்களை நீட்டினால் சுமார் 620 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து திருநெல்வேலி போய்ச்சேரும் தூரம்! வேர்த்தூவிகளையும் சேர்த்தால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல்!

கம்பளியிலிருந்து பிறந்த இயந்திரம்!
புல்வெட்டும் இயந்திரம் எங்கிருந்து வந்தது? துணி ஆலையிலிருந்து! கம்பளித் துணியின் பிசிறை நறுக்கும் கருவியைப் பார்த்த எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயருக்கு யோசனை பளிச்சிட்டது. காப்புரிமை பெற்ற ஆண்டு 1830! அதுவரை அரிவாளும் ஆடுகளும்தான். வெள்ளை மாளிகையே 1918-இல் ஆடுகளிடம் திரும்பியது! உலகப்போர்க் காலம், ஆள் பஞ்சம். அதிபர் வில்சன் செம்மறியாடுகளை மேயவிட்டார். மந்தை 48 ஆனது! ரோமத்தை ஏலம் விட்டதில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 52,000 டாலருக்கு மேல் சேர்ந்தது!

புல் வளர்ந்தால் அபராதம்!
நியூயார்க் அருகே 1947-இல் எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பில் பதினேழாயிரம் வீடுகளுக்கு மேல். வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை: பருவம் முழுதும் வாரம் ஒரு முறை புல் வெட்டியே ஆக வேண்டும்! புளோரிடாவின் டனீடன் நகரில் 2018-இல் புல் 10 அங்குலத்தைத் தாண்டியதற்கு நாளுக்கு 500 டாலர் வீதம் ஒரு வீட்டுக்காரர்மேல் விழுந்த அபராதம் கிட்டத்தட்ட 30,000 டாலர்! புல்லுக்கு!

நேற்று விருந்தாளி, இன்று களை!
க்ளோவர் என்ற மூவிலைச் செடியைப் புல்விதையோடு கலந்தே ஒரு காலத்தில் விற்றார்கள். அது மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டும்! 1940-களில் அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து வந்தது. அது டான்டலியன் என்ற களையோடு சேர்த்து க்ளோவரையும் கொன்றது. அன்றிலிருந்து க்ளோவரும் களைப் பட்டியலில்! பாவம், அது செய்த குற்றம்தான் என்ன?

கிராப்கிராஸ் என்றொரு களை. ஒரே செடி 1,50,000 விதை வரை போடும்! ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த ஆண்டு என்ன ஆகும்?

ஒரு மணி நேரப் புகை!
பெட்ரோலில் ஓடும் புல்வெட்டியை ஒரு மணி நேரம் ஓட்டினால் எவ்வளவு மாசு? கார் ஒன்று 480 கிலோமீட்டர் ஓடினால் வருமளவு! சருகு ஊதும் கருவியோ இன்னும் மோசம்: 1,770 கிலோமீட்டர்! சொன்னது கலிபோர்னியாவின் காற்று வாரியம்!

புல்லுக்கே தடை!
பாலைவனத்தில் இருக்கிறது லாஸ் வேகாஸ். அங்கே புல்லைப் பிடுங்கி எறிகிறவர்களுக்குத் தண்ணீர் வாரியம் பணம் தருகிறது! நம்ப முடிகிறதா? யாருமே கால் வைக்காத, வெறும் அலங்காரத்துக்கான பொதுவிடப் புல்லை 2026 முடிவதற்குள் அகற்ற வேண்டும் என்று நெவாடா மாநிலம் 2021-இல் சட்டமே போட்டுவிட்டது!

கடைசியாக ஒன்று!
உலகின் மிக மோசமான களைகள் எவை? 1977-இல் வெளிவந்த புகழ்பெற்ற பட்டியலில் முதலிடம் கோரைக்கு! இரண்டாம் இடம்? அமெரிக்கர்கள் பெர்முடா கிராஸ் என்கிற புல்லுக்கு! பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாக வளர்ப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் பிடுங்கிப் பிடுங்கி ஓய்ந்துபோவார். ஒரு கணு மிஞ்சினாலும் துளிர்க்கும்!

அது எந்தப் புல் தெரியுமா? நம் அருகம்புல்! பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற அதே அருகம்புல்! அவர்களைத் தூங்கவிடாத அந்தச் சாகா வேரைக் காட்டித்தான் நாம் மணமக்களை வாழ்த்துகிறோம்: அருகுபோல் வேரோடி வாழ்க!