மண் மாதிரி எடுக்க வந்தால்…

"புள்ள, மண்ணத் துளைச்சி எடுத்திட்டுப் போறாங்களாம். இனி காணி போயித்தா?" மன்னாரில் கனிய மணலுக்காகத் துளையிட்ட செய்தியறிந்து வந்தாறுமூலை அக்கா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார்.

மாதிரி எடுப்பது தேடலின் ஆரம்பப் படி மட்டுமே. இந்தியாவில், ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 இலட்சம் தொன் லித்தியத் தாது இருக்கலாமென 2023 பெப்ரவரியில் அறிவித்தார்கள். கைத்தொலைபேசி, மின்வாகன பற்றரிகளுக்கு வேண்டிய உலோகம் அது. ஆனால் அது முதற்கட்ட மதிப்பீடே. எவ்வளவு செறிவில் உள்ளது, பிரித்தெடுத்தால் கட்டுமா என்றறிய இன்னும் நெருக்கமாகத் துளையிட்டு, ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். 2024இல் ஏலம் விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வரவில்லை.

நம் நாட்டில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி தேடலுக்கு ஓர் அனுமதிப்பத்திரம், அகழ்வுக்கு வேறொன்று. ஆகவே தேடலால் மட்டும் காணி போய்விடாது. அதற்காகப் பேசாதிருக்கவும் கூடாது.

சகோதரிகளே, வருவோரிடம் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். அதன் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். துளையை மூடுவார்களா, கிணற்று நீருக்குப் பாதிப்பு வருமா என்று விசாரியுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேட்கலாம்.

நமது பக்கத்தில் வீடு வளவைப் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே சீதனமாக எழுதுகிறோம். அப்படியானால் கையொப்பமும் உங்களுடையதே. வாசித்து விளங்காமல் எதிலும் வைத்துவிடாதீர்கள்.