மருந்துக்கு மசியாத ரத்தக் குழாய்

"சாப்பாடே இறங்கலையே, ஊசி எதுக்கு?" காய்ச்சலில் படுத்த இனிப்புநீர்க்காரருக்கு இன்சுலினை நிறுத்த நம் வீடுகளில் சொல்லப்படும் காரணம் இது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. ஜொகூரில் மாசாய், ஸ்கூடாய், குளுவாங் என்று எங்கே போனாலும் இது நம் குடும்பங்களின் நோய்.

இன்சுலின் இல்லாவிட்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் அமிலங்களை ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தத்தின் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையே இருக்க வேண்டும். 7.4 என்பது 7.1 ஆனால் அற்ப வித்தியாசமாகத் தோன்றும். அமிலம் இரண்டு மடங்காகிவிட்டது என்பதே அதன் பொருள். சிறுநீராகவும் வாந்தியாகவும் பெரியவர் ஒருவர் ஆறு லிட்டர் நீரை இழந்துவிடக்கூடும். ரத்த அழுத்தம் சரிகிறது. உடனே அட்ரினலினும் நோர்அட்ரினலினும் பெருக்கெடுக்கின்றன. ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவது இந்த ஹார்மோன்களின் வேலை.

அமிலம் மிகுந்த ரத்தத்தில் அந்தக் கட்டளை எடுபடுவதில்லை. குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் ஹார்மோனைப் பற்றும் ஏற்பிகள் மந்தமாகின்றன. சுருங்கத் தேவையான கால்சியம் உள்ளே நுழைவது குறைகிறது. பொட்டாசியம் வழிகள் திறந்து தசை தளர்கிறது. அமிலம் குழாயை விரிக்கும் என்பதை 1880லேயே வால்டர் கேஸ்கெல் தவளையில் காட்டியிருந்தார். நுரையீரல் குழாய்கள் மட்டும் இதற்கு நேர்மாறு: அமிலத்தில் அவை சுருங்குகின்றன, இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமை ஏறுகிறது.

பிஎச் 7.2க்குக் கீழே போனால், தீவிர சிகிச்சைப் பிரிவில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் நோர்அட்ரினலினுக்கும் இதே கதிதான். அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். சோடியம் பைகார்பனேட் ஏற்றி அமிலத்தை முறித்துவிடலாமே? பல காரணங்களால் கடும் அமிலநிலைக்குப் போன 389 பேரிடம் பிரான்சில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பைகார்பனேட் உயிரிழப்பைக் குறைக்கவில்லை, சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கே பலன் தெரிந்தது. கீட்டோன் அமிலத்துக்கு முறையான வைத்தியம் உப்புநீரும் இன்சுலினும், கூடவே பொட்டாசியத்தின் மேல் ஒரு கண்ணும்.

ஆகவே குழாய்கள் கைவிடும் முன்பே மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். இனிப்புநீர் உள்ளவர் வாந்தி எடுத்து, வயிறு வலித்து, ஓடி வந்தவர்போல ஆழமாக மூச்சு வாங்கினால், வாயில் பழ வாடை அடித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள். 999ஐ அழையுங்கள்.