உங்களுக்குத் தெரியுமா? தீயில் வேகாத கல்நார்

அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகிறவர்களின் கண் மலைமீதே இருக்கும். ஒரு நிமிடம் பாதையின் மறுபக்கமும் பாருங்கள். டீக்கடை, மாட்டுக்கொட்டகை, சின்னச் சின்ன வீடுகள் என்று பலவற்றின் தலைமேல் சாம்பல் நிற நெளி ஷீட் கிடக்கும். 'சிமென்ட் ஷீட்', 'ஆஸ்பெஸ்டாஸ்' என்று நாம் சொல்லும் அந்தக் கூரைக்குள் கல்நார் இருக்கிறது. அது வரவழைக்கும் புற்றுநோய்களில் ஒன்று மீசோதீலியோமா. இரண்டையும் பற்றி நம் ஊரில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

பொருளும் ஊரும்

● கல்நார் தொழிற்சாலையில் பிறப்பதல்ல, பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கனிமம். பாறையாகக் கிடப்பதைப் பிரித்தால் பஞ்சுபோல இழை இழையாக வரும். வணிகத்தில் ஆறு வகைகளுக்குக் கல்நார் என்று பெயர். வெள்ளை, நீலம், பழுப்பு ஆகிய மூன்றும் அதிகம் புழங்கியவை. இன்று உலகச் சந்தையில் விற்பது ஏறக்குறைய முழுவதும் வெள்ளைக் கல்நார்தான்.

● கூரை ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட். கல்நார் சுமார் பத்தில் ஒரு பங்குதான். சிமென்டைப் பிடித்துக்கொண்டு விரிசல் விடாமல் காப்பது அந்த ஒரு பங்கு இழையின் வேலை. ஷீட் முழுதாக இருக்கும்வரை இழையும் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கும். அறுத்தாலோ, துளை போட்டாலோ, உடைத்தாலோ தூசியோடு காற்றில் ஏறிவிடும்.

● கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலையுச்சியில் எரியும் திரி காடாத் துணி. நெய்யோடு அதுவும் எரிகிறது. பழைய கிரேக்கத்திலோ எரிந்து தீராத திரி ஒன்று இருந்தது. ஏதென்ஸ் நகரின் அதீனா கோயிலில் பொன்விளக்கு ஒன்றையும், தீ தின்னாத ஒருவகை நாரால் ஆன அதன் திரியையும் 2ஆம் நூற்றாண்டில் பயணியான பௌசானியஸ் எழுதிவைத்தார். அது கல்நார் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

● தீக்குப் பயந்துதான் நம்மவர்கள் ஓலையிலிருந்து ஷீட்டுக்கு மாறினார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலைக் கூரையில் பற்றிய தீதான் அத்தனை உயிரைக் கொண்டுபோனது. ஓலையை அகற்றியது சரி. அதற்கு மாற்றாக ஏறும் கூரை எதனால் ஆனது என்ற கேள்வியும் அதே அக்கறையோடு கேட்க வேண்டியது.

● இந்தியாவில் கல்நார் கூரை வீடுகள் எத்தனை? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்குத் தனி எண் இல்லை. தகரம், உலோகம், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் அதில் ஒரே வகை. அந்த வகைக் கூரை 2001இல் 11.6 சதவீத வீடுகளில் இருந்தது. 2011இல் 15.9 சதவீதமாக உயர்ந்தது.

● கல்நார் கூரையில் மட்டும் இருக்கவில்லை. பள்ளி வேதியியல் கூடத்தில் பன்சன் அடுப்பின்மேல் வைத்த கம்பி வலையின் நடுவே இருந்த வெள்ளை வட்டம், பழைய இஸ்திரிப்பெட்டியின் உள் அட்டை, கொதிகலன் கதவைச் சுற்றிய கயிறு, லாரியின் பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு என்று எல்லாவற்றிலும் இருந்தது. சூடும் உராய்வும் உள்ள இடத்திலெல்லாம் அதைத்தான் வைத்தார்கள்.

உடலுக்குள்

● நுரையீரலையும் வயிற்று உறுப்புகளையும் இதயத்தையும் சுற்றி மெல்லிய உறை உண்டு. அந்த உறையில் வரும் புற்றுநோயே மீசோதீலியோமா. பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும், சிலருக்கு வயிற்று உறையில் வரும். மூச்சோடு உள்ளே போன மெல்லிய, நீண்ட இழைகளை உடலால் கரைக்கவும் முடிவதில்லை, முழுதாக வெளியேற்றவும் முடிவதில்லை. அவை கிடக்கும் இடத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. உயிரணுக்கள் கெடுவது அங்கேதான்.

● இந்த நோயின் கொடுமை அதன் காலக்கணக்கு. இழை உள்ளே போனதற்கும் நோய் தெரிவதற்கும் இடையில் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டு ஓடிவிடுகிறது. இருபது வயதில் ஷீட் அறுத்தவருக்குப் பேரப்பிள்ளை எடுத்த பிறகு மூச்சு வாங்கலாம். அப்போது பழைய வேலை நினைவிருக்காது. வேலை கொடுத்தவரும் இருக்க மாட்டார். சிறு வயதிலேயே தூசியைச் சுவாசித்தவருக்கு முன்னால் இருக்கும் ஆண்டுகள் அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம்.

● தொடக்க அறிகுறிகள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல். நம் நாட்டில் நீர் கோத்தால் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் மருந்து எடுத்தும் நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால், 'முன்பு கல்நாரோடு வேலை செய்தேன்' என்ற ஒரு சொல் மருத்துவருக்கு வழி காட்டும். உறையிலிருந்து சிறு சதை எடுத்துச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும்.

● புகைபிடிப்பதால் மீசோதீலியோமா வருவதில்லை. ஆனால் கல்நார்த் தூசி நுரையீரல் புற்றுநோயையும் தரும், அங்கே புகை அதற்குக் கைகொடுக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வின்படி, இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு கல்நார் மட்டும் என்றால் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 50 மடங்கைத் தாண்டியது. கல்நாரோடு வேலை செய்தவர் இன்று பீடியை விட்டால் இன்றே பலன் தொடங்கும்.

● வெள்ளைக் கல்நார் ஆபத்தற்றது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நீலமும் பழுப்பும் மீசோதீலியோமாவைத் தருவதில் அதைவிடக் கொடியவை என்பது உண்மை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்றே உறுதியாகப் பட்டியலிட்டிருக்கிறது. வேலையிடக் கல்நாரால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

முதலில் விழுந்தவர்கள்

● இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கல்நார் நூற்கும் ஆலையில் உழைத்த நெல்லி கெர்ஷா 1924இல் இறந்தார். அப்போது வயது 33. அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் குக் அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைதான் கல்நார் நுரையீரல் நோயை மருத்துவ உலகின் முன் வைத்தது. குடும்பம் இழப்பீடு கேட்டது, ஆலை தரவில்லை.

● 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் இரு துணைவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளின் கதையை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் நீலக் கல்நார் வெட்டிய பகுதியோடு தொடர்புள்ளவர்கள். சுரங்கத்தில் இறங்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த மண்ணில் சிறுபிள்ளையாக வாழ்ந்ததே போதுமானதாக இருந்தது.

● ஆலைக்குள் காலே வைக்காதவருக்கும் இந்த நோய் வரும். 1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் ஆகிய இருவரும் 76 நோயாளிகளின் வாழ்க்கையை விசாரித்தார்கள். 31 பேர் கல்நாரோடு வேலை செய்தவர்கள். 9 பேருக்கு வீட்டில் ஒருவர் அந்த வேலைக்குப் போயிருந்தார், தூசி படிந்த துணியைத் துவைத்தவர்களும் இதில் அடக்கம். வேறு 11 பேர் செய்த தவறு கல்நார் ஆலையிலிருந்து அரை மைலுக்குள் குடியிருந்தது மட்டுமே.

● துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் கரைன் என்ற சிற்றூரில் கல்நார் ஆலையே இல்லை. ஆனாலும் மீசோதீலியோமா வீட்டுக்கு வீடு உயிர் குடித்தது. 1970களில் மருத்துவர் பாரிஷ் தேடிக் கண்டது எரியோனைட் என்ற இன்னொரு இழைக் கனிமத்தை. மக்கள் வீடு கட்டிய கல்லிலேயே அது இருந்தது.

நாடுகள், சட்டங்கள்

● இந்தியா தன் மண்ணில் கல்நார் வெட்டப் புதிய குத்தகை தருவதை 1986இல் நிறுத்தியது. வாங்குவதை நிறுத்தவில்லை. ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதியான ஆண்டுகள் உண்டு. பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருகிறது. அங்கே ஊரல் மலைப்பகுதியில் அஸ்பெஸ்ட் என்றே பெயர் வைத்த சுரங்க நகரம் இருக்கிறது. அண்ணாமலை அடிவாரத்து வீட்டுக் கூரையில் இருக்கும் இழை அங்கே வெட்டியதாகவும் இருக்கலாம்.

● மூடிய சுரங்கமும் சும்மா இருப்பதில்லை. ஜார்க்கண்டில் சாய்பாசா அருகே ரோரோ மலையில் கல்நார்ச் சுரங்கம் 1983இல் மூடப்பட்டது. கழிவுக் குவியல் மலைச்சரிவிலேயே விடப்பட்டது. சுற்றிலும் ஆதிவாசிக் கிராமங்கள்.

● 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் பெரிய தீர்ப்பு தந்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த நோய் எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பதை அறிந்து எழுதிய தீர்ப்பு அது.

● கல்நாரால் வரும் மீசோதீலியோமாவும் நுரையீரல் புற்றுநோயும் இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் உரிமை தருகிறது. ஆனால் கூலிக்கு ஷீட் ஏற்றுபவருக்கும் கொட்டகை போடுபவருக்கும் இ.எஸ்.ஐ. அட்டையே கிடையாது. அதிகமாகத் தூசி குடிக்கும் இவர்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவருவது அரசின் கடமை.

● 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவெடுத்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. சில நாட்களில் இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைக் கைவிட்டது, ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கியது. மலையகத் தமிழர்கள் பறிக்கும் கொழுந்தின் விற்பனை, ஒரு நாட்டின் கூரையைத் தீர்மானித்தது.

● கல்நாரைப் பிரிட்டன் 1999இல் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2003 இறுதியில், ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடை கொண்டுவந்தன. ஒரு காலத்தில் நமக்கு ஏராளமாக விற்ற கனடா, 2018இல் தனக்கே தடை போட்டுக்கொண்டது. வெள்ளைக் கல்நாரை அமெரிக்கா 2024இல் தடை செய்தது. தடை செய்த நாடுகள் ஐம்பதுக்கும் மேல். இந்தியா இன்னும் அந்த வரிசையில் இல்லை.

நம் கையில்

● 'ஷீட் வீட்டில் இருக்கிறோமே, நோய் வந்துவிடுமா?' என்று நடுங்க வேண்டாம். உடையாத, அறுக்காத ஷீட்டின் கீழ் வாழ்பவருக்கு ஆபத்து குறைவு, அதை வெட்டுபவருக்கும் உடைப்பவருக்கும்தான் அதிகம். அதே நேரத்தில், இவ்வளவு தூசிவரை பயமில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை. ஆகவே தூசியைக் குறைப்பதே வழி.

● கட்டிங் மெஷின் வைத்து ஷீட்டை உலர அறுப்பதுதான் மிகவும் மோசமான செயல். ஒரே அறுப்பில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கணக்கில்லாமல் பறக்கும். அளவு பார்த்து வாங்கினால் அறுக்கவே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் நன்றாக நனைத்து, கை ரம்பத்தால், பிள்ளைகள் இல்லாத வெட்டவெளியில் அறுங்கள். கைக்குட்டையும் துண்டும் இந்த இழையைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி நிற்கும், துகள் வடிகட்டும் முகமூடி வேண்டும்.

● கிரிவலப் பாதை ஊர்களில் குரங்கு குதித்து ஷீட் உடைவது சகஜம். உடைந்த துண்டைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் எடுங்கள். கனமான பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி வையுங்கள். பள்ளத்தில் கொட்டி மேலே நடப்பதும், துண்டுகளைப் பிள்ளைகள் விளையாட விடுவதும் வேண்டாம்.

● பாசி பிடித்த ஷீட்டைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் சிமென்ட் பெயர்ந்து இழை வெளியே வரும். கோடைச் சூட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடிப்பதில் தவறில்லை, அடிக்கும் முன் சுரண்டாமல் இருந்தால் சரி.

● மெக்கானிக் கடைகளில் பழைய பிரேக் டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறார்கள். லைனிங்கில் கல்நார் இருந்தால் அந்தத் தூசி கடை முழுவதும் பரவும். ஈரத்துணி போதும். வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

● கல்நார் இல்லாத சிமென்ட் ஷீட்டும் வந்திருக்கிறது. ஓடு, பூச்சு பூசிய இரும்புத் தகடு ஆகியவையும் உண்டு. கடையில் 'இது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததா?' என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் அதையே வரவழைப்பார்.

● ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க அறிவியலாளருக்கு 1982இல் வயிற்று உறை மீசோதீலியோமா என்று தெரிந்தது. நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதம்கூடத் தாண்டுவதில்லை என்று அன்றைய நூல்கள் சொல்லின. அவர் இன்னும் 20 ஆண்டு வாழ்ந்து, எழுதி, கற்பித்தார். 2020 முதல் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் சிகிச்சையில் சேர்ந்திருக்கின்றன. கொடிய நோய்தான், ஆனாலும் கையை விரித்துவிட வேண்டியதில்லை.

● கடைசியாக ஒன்று, செலவே இல்லாதது. ஷீட் ஆலை, கொதிகலன், பிரேக் பட்டறை, கப்பல் உடைப்பு, கட்டட இடிப்பு இவற்றில் எதிலாவது நீங்களோ உங்கள் அப்பாவோ வேலை பார்த்திருந்தால், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி மருத்துவச் சீட்டுகளோடு வையுங்கள். நாற்பது ஆண்டு கழித்து ஒரு மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கும், இழப்பீடு கோரும் நாளில் அதிகாரி கேட்கப்போகும் ஆதாரத்துக்கும் அந்தத் தாளே பதில்.