கேஸ் கசிவு: மளிகைக் கடைக்காரர் மூக்கை நம்பலாமா?

நமது வணிகர்களில் பலருக்குக் கடையின் பின்கட்டே வீடு, இல்லாவிட்டால் மாடி. அவ்வீடுகளில் வெந்நீருக்குக் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களும் உண்டு. நினைத்தவுடன் வெந்நீர் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சமையல் அடுப்புக்குக் காட்டும் கவனத்தைக் கீசருக்கு நாம் காட்டுவதில்லை.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ், பூண்டு போன்ற நாற்றம் அது. நமக்குச் சிக்கலே இங்குதான். பெருங்காயம், பூண்டு, அழுகத் தொடங்கிய வெங்காய மூட்டை இவற்றின் நடுவில் நாள் முழுதும் பழகிய மூக்கு, "வெங்காய வாடைதானே" என்று விட்டுவிட இடமுண்டு.

மேலும் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியாகச் சரக்கறைக்குள் புகுந்து தேங்கும். காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். அங்கே இருப்பதோ எண்ணெய் டின், சாக்கு, தீப்பெட்டிப் பண்டல். காலையில் கடை திறந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? லைட்டைப் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறோம்!

ஆகவே மூக்கை மட்டும் நம்பாமல், மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் சோதிக்க வேண்டும். அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. வெந்நீர்க் குழாயை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, நுரைத்த சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். ரெகுலேட்டர் உட்காரும் இடம், ரப்பர் குழாயின் இரு முனைகள், கீசரில் கேஸ் நுழையும் இணைப்பு ஆகியவை முக்கியம். நம் கடைகளில் எலிக்குப் பஞ்சமில்லை. எனவே குழாயின் முழு நீளத்தையும் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குமிழி புதிது புதிதாகக் கிளம்பினால் கசிவு இருக்கிறது. தீக்குச்சி கொளுத்திக் காட்டிப் பார்ப்பது பொல்லாத பழக்கம்.

கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு அனைவரும் வெளியேற வேண்டும். மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெந்நீர்க் குழாயையும் திறக்காதீர்கள். தண்ணீர் ஓடியதும் கீசர் பாட்டரியால் தானே பொறி தட்டும். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

சோப்புத் தண்ணீருக்கும் அகப்படாத ஆபத்து ஒன்று உண்டு. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். நிறமில்லை, வாடையுமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு மயக்கம். உள்ளே தாழிட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. இப்படி உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. கீசரையும் சிலிண்டரையும் வெளியே காற்றாடும் இடத்தில் வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் குளியலறைக்குள் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பவர்கள், மாற்றும் வரையில், கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்தி, உள்ளே காற்று நன்கு மாறிய பிறகே குளிக்கப் போக வேண்டும்.