களமிறங்காதவரின் இதயத் துடிப்பு

2006 ஜூன் மாதம். உலகக் கோப்பைக் கால்பந்துக்காக இங்கிலாந்து அணி ஜெர்மனிக்குப் போயிருந்தது. வீரர்களின் மனைவியரும் காதலியரும் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பாடன்-பாடன் நகரில் தங்கியிருந்தார்கள். லண்டன் பத்திரிகைகளின் புகைப்படக்காரர்கள் அந்தச் சிறு நகரை மொய்த்துக்கொண்டார்கள். விக்டோரியா பெக்காம் எந்தக் கடைக்குள் நுழைந்தார், யார் யாருடன் அமர்ந்து உணவருந்தினார்கள் என்பதெல்லாம் ஆட்டத்துக்கு இணையான செய்திகள் ஆயின. பிரிட்டன் பத்திரிகைகள் ஏற்கெனவே 'வேக்ஸ்' (மனைவியரும் காதலியரும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அழைத்துவந்த இந்தப் பெண்கள் அந்தக் கோடையில்தான் உலகம் முழுக்கத் தெரியவந்தார்கள்.

அதே வாரங்களில், அதே ஜெர்மனியின் மியூனிக் வட்டாரத்தில் மருத்துவர்கள் வேறொன்றைக் கணக்கெடுத்தார்கள். உலகக் கோப்பை நடந்த நாள்களில் மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு போன்ற அவசர நிலைகளில் எத்தனை பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது என்ற கணக்கு அது. ஊட்டே வில்பர்ட்-லாம்பன் தலைமையிலான குழு 2008-ல் முடிவை வெளியிட்டது. ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் இதய அவசர நிலைகள் வழக்கத்தைப்போல் 2.66 மடங்காகியிருந்தன. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது. பாதிக்கப்பட்டவர்கள் யாரும் பந்தை உதைக்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அணியை மட்டுமே நேசிக்கும் ரசிகருக்கே இந்தப் பாடு என்றால், ஆடுகிறவரையே நேசிக்கும் ஒருவருக்கு உடம்பில் என்ன நடக்கும்?

தொலைக்காட்சி வீரர்களின் துணைவர் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் வி.எச்.1 சேனல் 2010-ல் 'பாஸ்கெட்பால் வைவ்ஸ்' ரியாலிட்டி ஷோவைத் தொடங்கியது. கூடைப்பந்து வீரர்களின் மனைவியரும் மணமுறிவு பெற்றவர்களும் காதலியரும் அதில் வந்தார்கள். 2015-ல் 'ஈ!' தொலைக்காட்சி, லாஸ் ஏஞ்சலஸைக் களமாக்கி 'வேக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு தொடரை ஒளிபரப்பியது. விருந்துகள், சண்டைகள், திருமண ஏற்பாடுகள் என்று எபிசோடுகள் நகர்ந்தன. ஆனால் இந்த வாழ்க்கையின் மிகப் பெரிய நாடகம் விருந்து மேசையில் நடப்பதில்லை. பார்வையாளர் இருக்கையில், ஒருவரின் விலா எலும்புக்கூட்டுக்குள் நடக்கிறது.

அதை அளந்து காட்டிய ஆய்வுகளில் என்னை மிகவும் வியக்கவைத்தது ஸ்பெயினின் சான் பெட்ரோ மன்ரிகே என்ற கிராமத்தில் நடந்தது. ஆண்டுதோறும் ஜூன் 23 இரவு அங்கே மக்கள் தீ மிதிக்கிறார்கள். பலர் இன்னொருவரை முதுகில் சுமந்தபடி கனல்மேல் நடக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியின் சூடு தெரியும். இவானா கொன்வலின்காவும் திமித்ரிஸ் சிகலாடாஸும் அவர்களுடைய சகாக்களும் மொத்தம் 38 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். சிலர் தீ மிதிப்பவர்கள். சிலர் அவர்களுடைய உறவினர்களும் நண்பர்களும். மற்றவர்கள் சும்மா பார்க்க வந்தவர்கள்.

2011-ல் வெளியான முடிவு இது: தீயில் நடந்தவரின் இதயத் துடிப்பு ஏறி இறங்கிய விதத்தையே, இருக்கையில் அசையாமல் இருந்த உறவினரின் இதயத் துடிப்பும் பின்பற்றியது. வெளியூர்க்காரர்களிடம் இந்த ஒத்திசைவு இல்லை. கண்முன் நடந்தது எல்லோருக்கும் ஒன்றே. ஒருவர் நடக்கிறார், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதால், உடலசைவு ஒன்றாக இருந்ததுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. நடப்பவர் தமக்கு யார் என்பதே இதயத்தின் போக்கைத் தீர்மானித்தது.

மூளைக்குள்ளும் இதற்கு ஒரு தடம் இருக்கிறது. 2004-ல் லண்டனில் தானியா சிங்கர் குழுவினர் 16 ஜோடிகளை வரவழைத்தார்கள். பெண் எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுத்திருப்பார், அவருடைய துணைவர் பக்கத்தில் அமர்ந்திருப்பார். இருவரின் கைகளும் கண்ணாடி வழியாகப் பெண்ணுக்குத் தெரியும். சில சமயம் பெண்ணின் கையில் சுரீரென்று மின்தூண்டல், சில சமயம் துணைவர் கையில். யாருக்கு வரப்போகிறது என்பதைத் திரையில் தோன்றும் குறி சொல்லிவிடும். தன் கையில் வலித்தபோது, வலி எங்கே, எவ்வளவு என்று பதியும் புலனுணர்வுப் பகுதி இயங்கியது. துணைவருக்கு வலித்தபோது அந்தப் பகுதி அப்படி இயங்கவில்லை. ஆனால் முன் இன்சுலா, முன் சிங்குலேட் புறணி ஆகிய இரண்டும் இரு தருணங்களிலும் விழித்துக்கொண்டன. இவை வலிக்கென்றே அமைந்த பகுதிகள் அல்ல. பலவகை உணர்ச்சிகளில் பங்கேற்பவை. வலியின் துன்பத்தை உணர்வதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. ஆக, அடி துணைவருக்கு மட்டும் விழுகிறது. துன்பம் இருவருக்கும் சேர்கிறது.

களத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு: அவரால் ஏதாவது செய்ய முடியும். ஓடலாம், தடுக்கலாம், அடுத்த அடியைத் திட்டமிடலாம். இருக்கையில் இருப்பவருக்கு எந்த நெம்புகோலும் கிடையாது. இந்த வேறுபாடு பெரிது. சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 2004-ல் 208 ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் மிகுதியாகச் சுரக்க இரண்டு நிலைமைகள் சேர வேண்டும் என்று கண்டார்கள். ஒன்று, விளைவு நம் கையில் இல்லாதது. மற்றொன்று, பிறர் நம்மை எடைபோட்டுக்கொண்டிருப்பது. விளையாட்டு வீரரின் துணைவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நேர்கின்றன. பெனால்டியை அவரால் அடிக்க முடியாது. கேமராவோ அவர் முகத்தை விட்டு அகலாது.

அந்தக் கேமரா என்ன செய்கிறது என்பதற்கும் ஓர் அறிவியல் உண்டு. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினார் என்பது திரைப்பட வரலாற்றின் புகழ்பெற்ற பாடம். உணவை அடுத்து வந்தால் அந்த முகத்தில் பசி தெரியும்; சவப்பெட்டியை அடுத்து வந்தால் துயரம் தெரியும். முகம் ஒன்றுதான். பொருளைக் கோப்பது நம் மூளை. ரியாலிட்டி ஷோவின் எடிட்டிங் மேசை முழுக்க இந்த உண்மையில் நிற்கிறது. யாரோ எதையோ சொன்னதும் திரையில் வரும் ரியாக்‌ஷன் ஷாட் எந்த நிமிடத்தில் எடுக்கப்பட்டது என்று நமக்குத் தெரியாது. ஆனால் கோபமோ பொறாமையோ அதில் பளிச்சென்று தெரிகிறது. வாராவாரம் பார்க்கப் பார்க்க, நம்மை அறியவே அறியாத அந்தப் பெண்களை நெருங்கிப் பழகியவர்களைப்போல் உணர்கிறோம். இந்த ஒருதலை நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் தொலைக்காட்சியின் இளமைப் பருவத்திலேயே, 1956-ல், விவரித்துவிட்டார்கள். அந்த நெருக்கம்தான் நம்மை நீதிபதிகளாகவும் ஆக்கிவிடுகிறது.

துணைவர் சுமப்பவர் மட்டுமல்ல, தாங்குபவரும்கூட. 2006-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கோன், மணமான 16 பெண்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, கணுக்காலில் மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார். தனியே இருந்தபோது அபாயத்தை எதிர்கொள்ளும் மூளைப் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாதவரின் கையைப் பற்றியபோது பரபரப்பு சற்றுத் தணிந்தது. கணவரின் கையைப் பற்றியபோது இன்னும் நன்றாகத் தணிந்தது. மணவாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருந்ததோ, அவ்வளவு அமைதி. காயம், தோல்வி, திடீரென்று வேறு நகர அணிக்கு மாற்றம் என்று அலைக்கழியும் ஒரு விளையாட்டு வீரருக்கு, வீட்டில் காத்திருக்கும் அந்தக் கை எவ்வளவு பெரிய துணை என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதயத்துக்குள் நடக்கும் இந்த நாடகத்தைத் திரையில் காட்டும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்வித்தை வீரர்களின் இதயத் துடிப்பு, அம்பு விடும் கணத்திலேயே திரையில் ஓடியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி இன்னொரு படி போய், சில வீரர்களின் பெற்றோருக்கு இதயத் துடிப்பு அளவிகளைப் பொருத்தி, பிள்ளைகள் களத்தில் இருந்தபோது அந்த எண்ணைக் காட்டியது. வீரர்களின் துணைவரைப் பற்றி ஒரு தொடர் எடுக்க விரும்புகிறவர்கள் இந்த வழியில் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு ஜோடியின் இரண்டு துடிப்புக் கோடுகளையும் ஆட்டம் முழுக்க ஒரே திரையில் ஓடவிட்டால் போதும். களத்தில் இருப்பவர் உழைக்கிறார், இருக்கையில் இருப்பவர் அலங்காரமாக அமர்ந்திருக்கிறார் என்ற பழைய எண்ணம் ஒரே ஆட்டத்தில் உதிர்ந்துவிடும்.